முள் நகரவில்லையா? நூலைப் பாருங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ரேடியோ பற்றியே இருக்கின்றன. விடுமுறைக்கு ஊருக்குப் போன பிள்ளைகள் பரண்களைக் காலி செய்திருக்கிறார்கள் போலும். ஆகவே கிரைண்டர், தையல் மிஷின் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். மாவு அரைக்க முடியாமல் தவிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

கேள்வி: தாத்தாவின் வால்வு ரேடியோவைப் பரணிலிருந்து இறக்கினோம். ஒரு மெக்கானிக் கண்டென்சர்களை மாற்றிப் பாட வைத்துவிட்டார். ஆனால் ஸ்டேஷன் மாற்றும் குமிழைத் திருகினால் குமிழ் மட்டும் சுற்றுகிறது, முள் அசையவில்லை. எப்போதும் ஒரே ஸ்டேஷன்தான். "இதற்கு ஸ்பேர் கிடைக்காது" என்று சொல்லிவிட்டார். நானே சரிசெய்ய முடியுமா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: தாராளமாக முடியும் அம்மா. இதற்கு ஸ்பேர் என்று ஒன்று கிடையாது. அறுந்திருப்பது ஒரு நூல்.

உங்கள் பாட்டி தயிர் கடைந்ததைப் பார்த்திருப்பீர்கள். மத்தின் தண்டில் கயிற்றை இரண்டு மூன்று சுற்று சுற்றி, இரு முனையையும் மாற்றி மாற்றி இழுப்பார்கள். கயிறு ஓட, மத்து சுழலும். ரேடியோவில் அதையே தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். நீங்கள் தண்டைச் சுழற்றுகிறீர்கள், கயிறு ஓடுகிறது. ஓடும் நூல் ஒரு பெரிய சக்கரத்தைத் திருப்பும். டிரம் என்போம். அது 'கேங்க்' என்கிற கண்டென்சரின் அச்சில் உட்கார்ந்திருக்கும். கேங்க் என்பது வரிசையாக நிற்கும் அலுமினியத் தகடுகள். ஒரு கூட்டம் அசையாமல் நிற்க, இன்னொரு கூட்டம் அதன் இடைவெளிகளில் நுழைந்து வெளியேறும். முழுக்க நுழைந்தால் டயலின் 550 பக்கம், முழுக்க வெளியே வந்தால் 1600 பக்கம். போகிற வழியில் அதே நூல் முள்ளையும் இழுத்துக்கொண்டு போகிறது. அவ்வளவுதான் ஏற்பாடு.

கை வைப்பதற்கு முன் ஒன்று. இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். பழைய செட்டுகளில் ஏசி-டிசி என்று ஒரு ஜாதி உண்டு. சில ஊர்களில் டிசி மின்சாரம் இருந்த காலத்தில் இரண்டுக்கும் ஓடட்டும் என்று செய்தது. அதில் மெயின் டிரான்ஸ்பார்மர் கிடையாது. வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பி நேராக சேசிஸிலேயே, அதாவது பாகங்களையெல்லாம் பொருத்தியிருக்கும் உலோகத் தகட்டிலேயே, சேர்ந்திருக்கும். பிளக்கை மாற்றிச் செருகினால் அந்தத் தகடு முழுவதும் 230 வோல்ட். வால்வுகளின் மேல் யுசிஎச் 81, யுசிஎல் 82 என்று 'யு' எழுத்தில் பெயர்கள் இருந்தால் உங்களுடையது அந்த ஜாதி. குமிழைக் கழற்றினால் தெரியும் தண்டும், குமிழின் பக்கவாட்டில் இருக்கும் குட்டித் திருகாணியும்கூட ஷாக் அடிக்கும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் அந்தத் திருகாணியைத் தொட்டு, ஸ்டூலோடு பின்னால் விழுந்திருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கி மேசை மேலேயே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள். பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கும். கால் மணி நேரம் காபி குடித்துவிட்டு, உங்கள் மெக்கானிக்கை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லி, அப்புறம் தொடங்குங்கள். நூல் கட்ட மின்சாரமே தேவையில்லை.

குமிழ்களைக் கழற்றி, பெட்டியின் அடியில் இருக்கும் போல்ட்டுகளை எடுத்தால் சேசிஸ் பின்பக்கமாக இழுத்தால் வரும். ஸ்பீக்கர் ஒயர் குட்டையாக இருக்கும், வெடுக்கென்று இழுக்காதீர்கள். டயல் கண்ணாடி வெளியே வந்ததும் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும், ஈரத் துணியால் துடைத்துவிடலாம் என்று. கூடவே கூடாது. ஊர்ப் பெயரும் எண்களும் கண்ணாடியின் பின்பக்கம் பெயிண்டால் அச்சடித்தவை. வயதான பெயிண்ட் ஈரம் பட்டால் உரிந்து வரும். சோப்புத் தண்ணீரில் ஒரு டயலைக் கழுவி, 'சிலோன்', 'ட்ரிச்சி' எல்லாவற்றையும் வாளியில் கரைத்தவன் நான். வாடிக்கையாளரிடம் வெறும் கண்ணாடியைக் காட்டி நின்ற அந்தச் சாயங்காலம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள். பின்பக்கத்துக்குக் காய்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

இப்போது நூல். பழைய நூலின் துண்டுகளை உடனே பிடுங்கி எறியாதீர்கள். எந்தக் கப்பியில் எந்தப் பக்கமாகப் போகிறது என்று செல்போனில் நாலைந்து படம் எடுத்து, ஒரு காகிதத்தில் கோடும் போட்டுக்கொள்ளுங்கள். முழுக்க அறுந்து விழுந்திருந்தாலும் கவலையில்லை. கப்பிகளின் பள்ளத்தில் நூல் ஓடிய தடம் பளபளவென்று இருக்கும், அதைப் பார்த்தே பாதையைக் கண்டுபிடிக்கலாம்.

கேங்க்கை முழுவதுமாக மூடுங்கள், அதாவது எல்லாத் தகடும் உள்ளே. இதில் இரண்டு லாபம். டிரம் எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். வேலை செய்யும்போது கை தவறினாலும் தகடு வளையாது.

டிரம்மின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும், உள்ளே ஒரு கொக்கியும் ஒரு ஸ்பிரிங்கும். நூலின் ஒரு முனையை அங்கே முடிச்சுப் போட்டு, வெட்டின் வழியாக வெளியே கொண்டுவந்து, டிரம்மைச் சுற்றி, முதல் கப்பிக்குப் போய், குமிழ்த் தண்டுக்கு வாருங்கள். தண்டில் மூன்று சுற்று. இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவது. மூன்று சுற்றும் வளையல் அடுக்கின மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் நூல் தன்னையே இறுக்கிக்கொண்டு நின்றுவிடும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் இடது கட்டைவிரல் நகத்தால் சுற்றுகளைத் தண்டோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். வலது கையில் நூலை விறைப்பாகப் பிடித்தபடியே அடுத்த கப்பிக்குப் போவார். கட்டி முடிக்கும் வரை அந்த நகம் தண்டை விட்டு எடுபடாது. மூக்கு அரித்தாலும் சரி, வாசலில் ஆள் கூப்பிட்டாலும் சரி. எனக்கு ஆரம்பத்தில் அவ்வளவு பொறுமை இல்லை. கொஞ்சம் செல்லோ டேப்பை ஒட்டிவிட்டு மறு கையை விடுவித்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யலாம், குற்றமில்லை.

மீதிக் கப்பிகளைச் சுற்றி நூலை டிரம்முக்குத் திரும்பக் கொண்டுவந்து, அதே வெட்டில் நுழைத்து, மறு முனையை ஸ்பிரிங்கில் கட்ட வேண்டும். கட்டும்போது ஸ்பிரிங் பாதி இழுபட்ட நிலையில் இருக்கட்டும். முழுக்க இழுத்துக் கட்டினால் தண்டு இறுகி, குமிழ் கல்லாகிவிடும். தளர விட்டால் தண்டு மட்டும் வழுக்கிச் சுற்றும். நீங்கள் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். முடிச்சின் மேல் ஒரு சொட்டு நகப்பாலிஷ் வைத்தால் அவிழாது.

குமிழை வலப்பக்கம் திருகினால் முள் இடப்பக்கம் போகிறதா? பதற வேண்டாம். தண்டில் இருக்கும் மூன்று சுற்றையும் எடுத்துவிட்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் திசை மாறிவிடும்.

கடைசியில் முள். இரண்டு கப்பிகளுக்கு நடுவே நேர்கோடாக ஓடும் நூலில் அதன் கிளிப்பை மாட்டுங்கள். கேங்க் மூடிய நிலையில், டயலின் 550 முனைக் குறியில் முள் நிற்கட்டும். குமிழை முனைக்கு முனை பத்துத் தடவை ஓட்டிப் பாருங்கள். நூல் எங்கும் உரசாமல் ஓடினால் வேலை முடிந்தது. முதல் தடவை கட்ட ஒரு சாயங்காலம் ஆகும். எனக்கு இரண்டு நாள் ஆனது.

கேள்வி: டயல் நூல் கடையில் கிடைக்கவில்லை. தூண்டில் நரம்பைக் கட்டினேன். குமிழைத் திருப்பி விட்டதும் முள் சற்றே பின்னுக்கு வருகிறது. சில சமயம் வழுக்குகிறது. (வாசகர், ராமேஸ்வரம்)

பதில்: ராமேஸ்வரத்துக்காரருக்குத் தூண்டில் நரம்புதான் கையில் கிடைக்கும், நியாயம்தான். ஆனால் ஒற்றை இழை நைலான் நரம்பு இதற்கு ஆகாது. அது ரப்பர் மாதிரி இழுபட்டுச் சுருங்கும், முள் பின்வாங்குவது அதனால்தான். மேல்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பு, அதனால் தண்டைப் பிடிக்காது. அதே கடையில் பல இழைகளைப் பின்னிய தூண்டில் நூல் என்று கேளுங்கள். அது இழுபடாது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் போதும். சென்னைப் பக்கம் போனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'டயல் த்ரெட்' என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியும் வழுக்கினால் வயலின் வில்லில் தேய்க்கும் ரோசினைப் பொடித்து, தண்டில் நூல் சுற்றும் இடத்தில் மட்டும் ஒரு சிட்டிகை தடவலாம். சிலர் சால்டரிங் பேஸ்ட்டைத் தடவுகிறார்கள், அது வேறு சரக்கு. பிசுக்கு ஏறி, தூசி சேர்ந்து, ஆறே மாதத்தில் கருப்புக் களிம்பாகிவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். குமிழ்த் தண்டு அதைத் தாங்கும் புஷ்ஷில் இறுக்கமாகச் சுற்றினால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஊசி முனையால் வையுங்கள். நூலில் பட்டுவிட்டால் நூலை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: நூல் வழுக்குகிறது என்று கடைக்காரர் தண்டின் மேல் தடிமனான பித்தளைக் குழாய் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். வழுக்கல் நின்றது. ஆனால் இப்போது ஸ்டேஷன் பிடிப்பதே கஷ்டமாக இருக்கிறது. கொஞ்சம் அசைத்தாலே தாண்டிவிடுகிறது. (வாசகர், கரூர்)

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். முள் டயலில் 15 சென்டிமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். அதே 15 சென்டிமீட்டர் நூல் தண்டிலும் ஓடியாக வேண்டும். 6 மில்லிமீட்டர் தண்டின் சுற்றளவு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். முனைக்கு முனை போகக் குமிழை எட்டுச் சுற்று சுற்ற வேண்டும். குழாய் மாட்டி 10 மில்லிமீட்டர் ஆக்கினால் சுற்றளவு 31 மில்லிமீட்டர். ஐந்து சுற்றுக்குள் டயல் முடிந்துவிடும். அதாவது கை கொஞ்சம் அசைந்தால் முன்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் ஓடுகிறது. சிற்றலையில், அதாவது ஷார்ட் வேவில், இது பெரிய இம்சை. குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். வழுக்கலுக்கு மருந்து புது நூலும் சரியான ஸ்பிரிங்கும்தான்.

கேள்வி: எங்கள் செட்டில் திருச்சி நிலையம் டயலில் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, விரற்கடை தள்ளி வருகிறது. உள்ளே நிறையத் திருகாணிகள் தெரிகின்றன. எதைத் திருகினால் சரியாகும்? (வாசகர், புதுக்கோட்டை)

பதில்: எதையும் திருகாதீர்கள்!

1968-ல் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம், இதே மாதிரி ஒரு செட் வந்தது. வாத்தியார் சாப்பிடப் போயிருந்தார். அலுமினியக் குப்பிகளின் தலையில் இருக்கும் திருகாணிகள்தான் காரணம் என்று நானாக முடிவு செய்து, நாலையும் ஆளுக்கு ஒரு சுற்று திருப்பினேன். அவை ஐ.எஃப். (இடைநிலை அலைவரிசை) டிரான்ஸ்பார்மர்கள். 455 கிலோஹெர்ட்சில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி அமைத்துவைத்தவை. செட் ஊமையாகிவிட்டது. வாத்தியார் திரும்பி வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சிக்னல் ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்து சரிசெய்தார். அப்புறம் ஒரு வாரம் என் கையில் திருப்புளியே தரவில்லை. கடையில் இருந்த பழைய சேசிஸ்களுக்கெல்லாம் நூல் கட்டச் சொன்னார். அப்படித்தான் நான் நூல் கட்டக் கற்றுக்கொண்டேன்.

உங்கள் செட்டில் நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும்: யாரோ புது நூல் கட்டி, முள்ளைக் குத்துமதிப்பாக மாட்டிவிட்டார்கள். திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ். அந்த நிலையத்தைத் தெளிவாகப் பிடித்து வைத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழ் அசையாமல் முள்ளின் கிளிப்பை மட்டும் தளர்த்தி 936 இருக்க வேண்டிய இடத்துக்கு நகர்த்துங்கள். மற்ற நிலையங்களையும் பாருங்கள். திருநெல்வேலி 1197-ல் வரும். அதுவும் இப்போது சரியான இடத்தில் நின்றால் முள்தான் குற்றவாளி. ஒரு முனை சரியாகி மறு முனை மட்டும் தவறினால் அப்போது டிரிம்மர், பேடர் விவகாரம், அதாவது டயலின் இரு முனைகளையும் நுணுக்கமாகச் சரிசெய்யும் பாகங்கள். அதற்குக் கருவி வைத்திருக்கும் ஆளிடம் போங்கள்.

இன்னொன்றும் உண்டு. 936-ஐ 9-ஆல் வகுத்துப் பாருங்கள், மிச்சம் வராது. 1197-ம் அப்படியே. 1978 நவம்பர் 23-ஆம் தேதியிலிருந்து நம் பகுதியில் மத்திய அலை நிலையங்கள் எல்லாம் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் மாற்றி அமைக்கப்பட்டன. அதற்கு முன் அச்சடித்த டயல் என்றால் ஊர்ப் பெயரும் எண்ணும் மயிரிழை தவறும். மயிரிழைதான். விரற்கடைக்கு இது சாக்கு ஆகாது.

கேள்வி: ஸ்டேஷன் மாற்றும்போது மட்டும் 'கரகர' என்று சத்தம். சில இடத்தில் சுத்தமாக நின்றுவிடுகிறது. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கேங்க் தகடுகள் எங்கோ தொட்டுக்கொள்கின்றன, அல்லது அச்சைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பித்தளைப் பட்டையில் அழுக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேங்க்கை மெதுவாகத் திருப்பியபடி ஒரு டார்ச்சைப் பின்னாலிருந்து அடியுங்கள். எல்லா இடைவெளியிலும் வெளிச்சம் கீற்றாகத் தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் தூசியோ வளைவோ இருக்கிறது. பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, பட்டையில் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு அடித்து, இருபது தடவை திருப்புங்கள். வளைந்த தகடு என்றால் மெல்லிய அட்டையை நுழைத்து நிமிர்த்தலாம். ஓரத் தகடுகளில் சில செட்டுகளில் கத்தரித்த மாதிரி வெட்டுகள் இருக்கும். அவை கம்பெனியில் வேண்டுமென்றே வளைத்தவை, அவற்றை 'நேராக்கி' விடாதீர்கள்.

இன்னொரு இடத்தையும் பார்த்துவிடுங்கள். கேங்க் சேசிஸில் ரப்பர் வளையங்களின் மேல் உட்கார்ந்திருக்கும். ஸ்பீக்கரின் அதிர்வு தகடுகளுக்கு ஏறி ஊளையிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. வயதான ரப்பர் கருப்பட்டிப் பாகு மாதிரி உருகி, கேங்க் கீழே இறங்கிவிடும். டிரம் சேசிஸில் உரசும், நூலும் தளரும். நூல் கட்டியும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கும் இன்னும் மூன்று வாசகர்களுக்கும் இதுவே பதில். புது ரப்பர் வளையம் எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும்.

கேள்வி: என்னுடையது டிரான்சிஸ்டர் ரேடியோ. கேங்க் மாற்றிய நாளிலிருந்து பாதி டயலுக்கு மேல் திரும்பவில்லை. (வாசகர், செங்கோட்டை)

பதில்: அதில் இருப்பது பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைத்த சின்னக் கேங்க். கடைகளில் பிவிசி கேங்க் என்பார்கள். அதைப் பிடித்திருக்கும் இரண்டு குட்டித் திருகாணிகளைக் கழற்றி நீளம் பாருங்கள். பழசைத் தொலைத்துவிட்டு நீளமானதைப் போட்டிருப்பார்கள். அது உள்ளே நுழைந்து தகட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. குட்டையானதைப் போடுங்கள். தகடு ஏற்கெனவே நசுங்கியிருந்தால் இன்னொரு கேங்க் வாங்க வேண்டியதுதான்.

கேள்வி: டயலில் 41, 31, 25, 19 என்று போட்டிருக்கிறதே, அது என்ன? எஃப்.எம். வருமா? (பள்ளி மாணவர், தென்காசி)

பதில்: மீட்டர், தம்பி. அலையின் நீளம். 300-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். 25 மீட்டர் என்றால் 12, 41 என்றால் ஏழே காலுக்குச் சற்று மேல். உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் இலங்கை வானொலி கேட்க அந்த 41-க்கும் 25-க்கும் நடுவேதான் பெரியவர்கள் குமிழைத் தடவிக்கொண்டிருப்பார்கள். தாத்தாவைக் கேட்டால் எந்த எண்ணுக்கு எத்தனை நூலிழை தள்ளி என்று இப்போதும் சொல்வார். எஃப்.எம். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ். இந்த மாதிரி செட் அந்த உயரத்துக்கு ஏறாது.

கேள்வி: இதை விற்றால் என்ன விலை போகும்? (பெயர் வேண்டாம் என்று எழுதியவர், சேலம்)

பதில்: நூல் கட்டத் தெரிந்தவனுக்கு விலை சொல்லத் தெரியாது. விற்பதாக இருந்தால் டயல் கண்ணாடியைத் தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள். லாரியில் போகும்போது முதலில் உடைவது அதுதான்.